ஏரியைக் கொன்ற சொட்டு நீலம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அல்சூர் ஏரியை நான்தான் கொன்றேன் என்று நம்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கிச் செவ்வாய்க்கிழமை காலைவரை, சோறு இறங்காமல், மனதார நம்பினேன். கொலைக்கு நான் பயன்படுத்திய ஆயுதம் அரை பாட்டில் சொட்டு நீலம். இன்று இதைச் சொன்னால் என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். 

பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் பௌத்த வீடுகள். தெருமுனையில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன விகாரை, உள்ளே முழங்கால் உயரத்துக்கு ஒரு புத்தர். வைகாசிப் பௌர்ணமிக்கு அங்கே எல்லோரும் வெள்ளை உடுத்திக்கொண்டு போவது வழக்கம். பழுப்பு வெள்ளை செல்லாது, சாம்பல் வெள்ளை செல்லாது என்று புத்தர் எங்கும் சொன்னதாகத் தெரியவில்லை. எங்கள் தெருப் பெண்கள் சொல்லியிருந்தார்கள். அதனால் பௌர்ணமிக்கு முந்தைய நாள் கொடிக்குக் கொடி ஒரு மௌனப் போர் நடக்கும். யார் வீட்டு வேட்டி யார் வீட்டு வேட்டியைவிட வெளுப்பு என்பதை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு ஜோடிக் கண் தீர்மானிக்கும்.

அந்த வருடம் பௌர்ணமி சனிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை அம்மா எல்லாவற்றையும் துவைத்து முடித்துவிட்டு, கடைசி அலசலை என்னிடம் ஒப்படைத்துவிட்டு ரேஷன் கடை வரிசைக்குப் போனார். வாளித் தண்ணீரில் நாலு சொட்டு நீலம், நாலே நாலு, என்று விரலை மடக்கிக் காட்டிவிட்டுத்தான் போனார். எனக்கோ அப்போதே ஆராய்ச்சி மனப்பான்மை. நாலு சொட்டுக்கு இவ்வளவு வெளுப்பு என்றால் நாற்பது சொட்டுக்கு எவ்வளவு வெளுக்கும்? கணக்கு சரிதான். சட்டைதான் ஒத்துழைக்கவில்லை. அப்பாவின் ஒரே நல்ல வெள்ளைச் சட்டை வாளியிலிருந்து மேகமில்லாத வானம் மாதிரி வெளியே வந்தது.

பயத்தில் மனிதன் செய்கிற முதல் காரியம் தடயத்தை அழிப்பது. பாட்டிலில் பாதி மிச்சமிருந்தது. மூடி சரியில்லை, கை பட்டுக் கவிழ்ந்துவிட்டது என்று சொல்வதற்கு வசதியாக அதை வீட்டுக்குப் பின்னால் ஓடிய மோரியில் ஊற்றினேன். எங்கள் பக்கத்தில் சாக்கடையை மோரி என்றுதான் சொல்வோம். உண்மையைச் சொன்னால், அது ரொம்ப அழகாக இருந்தது. பிறந்ததிலிருந்து கறுப்பாக மட்டுமே பார்த்திருந்த மோரி முதல்முறையாக நீலமாக ஓடியது. கல் பாலத்துக்கு அடியில் அது நுழைந்து மறையும்வரை கூடவே நடந்து போய் வழியனுப்பிவிட்டு வந்தேன். அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். மர்பி டவுன் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஏரிக்குத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் விகாரையில் வெள்ளைக்கு நடுவில் அப்பா மட்டும் தனி வானமாக உட்கார்ந்திருந்தார். கேட்டவர்களிடம் எல்லாம், இந்த வருஷம் ஆகாயமாக இருக்கிற முறை தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று பேசியவர் என் அத்தை, அப்பாவின் அக்கா. எங்களோடுதான் இருந்தார். ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அட்டெண்டர். பத்தாம் வகுப்பு ஃபெயில். ஆனால் இருபது வருடமாக அந்தக் கூடத்தின் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி, எந்தக் குடுவையில் என்ன ஊற்றினால் என்ன நிறம் வரும் என்பதைக் கழுவுகிற பக்கத்திலிருந்தே கற்றவர். தெருவே அவரை லேப் அக்கா என்றுதான் கூப்பிட்டது. குரல் பெரிசு என்பதால் விகாரையில் சூத்திரம் சொல்லிக் கொடுக்கிற பொறுப்பும் அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. திங்கள் முதல் சனிவரை பாட்டில், ஞாயிற்றுக்கிழமை புத்தர். அவருக்கு இரண்டும் ஒரே வேலையின் இரண்டு ஷிஃப்ட்.

அத்தை பிள்ளைகளைப் பார்த்து, இந்த வெள்ளைச் சட்டையை வெள்ளையாக்கியது யார் என்று கேட்டார். எல்லோரும் அம்மா என்று கத்தினோம். அத்தை விடவில்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் அம்மா எதில் துவைப்பாள்? எங்கோ மழை பெய்யாவிட்டால் குழாயில் என்ன வரும்? பருத்தி விளையாவிட்டால், பூச்சி வந்து பூவில் உட்காராவிட்டால்? கேட்டுக்கொண்டே போய்க் கடைசியில், “எதுவும் ஒண்டியா நடக்கிறதில்ல கண்ணுங்களா. ஒண்ணைத் தொட்டா மொத்தமும் ஆடும்” என்று முடித்தார். பெரியவர்கள் கைகூப்பினார்கள். எனக்கு மட்டும் அந்த வாக்கியம் உபதேசமாக இல்லாமல் போலீஸ் நோட்டீஸாகக் கேட்டது. தொட்டவன் நான்தானே.

விகாரையின் பின்வாசலில் பாயச அண்டாவுக்குப் பக்கத்தில் மாமா நின்று கரண்டி பிடித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி. தங்கவயலில் சுரங்க வேலை கைவிட்டுப் போகிறது என்று தெரிந்ததும் ஒரு தகரப் பெட்டியோடு பெங்களூர் வந்தவர். மோரிக் கரையில் ஒரு ஷெட்டில் பாதியை வாடகைக்குப் பிடித்து, குழாய்களையும் ஸ்கூட்டர் பாகங்களையும் அமிலத்தில் கழுவி முலாம் போடுகிற பட்டறை வைத்திருந்தார். தான் முலாம் போட்ட எதில் முகம் தெரிந்தாலும் உடனே சீப்பை எடுத்துவிடுவார். அன்று காலை முதல் அண்டாவை விட்டு அவர் நகரவில்லை. அத்தைகூட, தங்கவயல் மைனருக்கு முலாம் போடுவதைவிடப் பாயசம் போடுவது நன்றாக வருகிறது என்று சான்றிதழ் கொடுத்தார்.

அன்று ராத்திரி கோடையின் முதல் மழை கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் பையன்கள் ஏரிக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன்.

கரையோரம் முழுக்க மீன்கள். வயிறு மேலே தெரிய, கை அளவிலிருந்து முழங்கை அளவுவரை, பாய் விரித்த மாதிரி கிடந்தன. சில இன்னும் சாகவில்லை. நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எதையோ என்னிடம் சொல்ல வருவது போல இருந்தது. என்ன சொல்ல வருகின்றன என்று எனக்குத் தெரிந்ததால் நான் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

படிப்பு மனிதனைக் காப்பாற்றும் என்பார்கள். என்னை அது கொன்றது. அந்த வருட முழுப் பரீட்சையில் அறிவியல் தாளில் ஒரு கேள்வி: ஒரு குளத்தில் மீன்கள் இல்லாமல் போனால் என்ன நடக்கும்? அம்புக்குறி போட்டு எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். மீன் போனால் கொசுப்புழுவைத் தின்ன ஆளில்லை, கொசு பெருகும், காய்ச்சல் வரும், மனிதர்கள் சாவார்கள். அந்த அம்புக்குறிகள் இப்போது உயிர்பெற்று என் வீட்டு வாசலில் வரிசையில் நின்றன. முதலில் கொக்குகள் பட்டினி. பிறகு மர்பி டவுன் படுக்கையில். அப்புறம் சிவாஜி நகர், மல்லேஸ்வரம். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் என் மனக்கணக்கில் விதான சௌதாவுக்கும் காய்ச்சல் வந்துவிட்டது. முதலமைச்சரைக் கம்பளி போர்த்திப் படுக்கவைத்திருந்தேன்.

இதற்கு நடுவில் மதப் பிரச்சினை வேறு. உயிரைக் கொல்லமாட்டேன் என்று சனிக்கிழமை சாயங்காலம்தான் நூறு பேர் முன்னிலையில் சீலம் எடுத்திருந்தேன். ஒரு வக்கீலைப் போல யோசித்துப் பார்த்தேன். ஊற்றியது வெள்ளி, சீலம் எடுத்தது சனி, செத்தது ஞாயிறு. ஊற்றிய தேதியை வைத்துப் பார்த்தால் நான் நிரபராதி. செத்த தேதியை வைத்துப் பார்த்தால் பாவி. புத்தர் எந்தத் தேதியை எடுத்துக்கொள்வார் என்று யாரிடம் கேட்பது? என் கோலிகளை எல்லாம் பரம விரோதியான எதிர்வீட்டுப் பையனுக்குத் தானமாகக் கொடுத்தேன். அவன் பயந்துபோய் என் அம்மாவிடம் சொல்ல, அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மிளகுக் கஷாயம் வைத்தார்.

அதுவரை நான் மட்டும்தான் ஆபத்தில் இருந்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் ஏரி மீன் குத்தகைக்காரர் ஒரு கூடை நிறையச் செத்த மீனோடு மாமாவின் பட்டறைக்கு வந்தார். பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசுகிற மனிதர். கூடையை ஷெட் வாசலில் கவிழ்த்தார். முலாம் போடுகிறவன் அமிலத்தை மோரியில் ஊற்றியிருக்கிறான், வேறு யாரால் முடியும் என்றார். மாமா, சனிக்கிழமை முழுக்க விகாரையில் இருந்தேன் என்றார். “சுள்ளு ஹேள்பேடா. புத்தர் வந்து சாட்சி சொல்வாரா?” என்று குத்தகைக்காரர் கேட்டார். கன்னடப் பாதிக்குப் பொய் சொல்லாதே என்று அர்த்தம். அவர் சத்தம் போடவில்லை; கண் கலங்கியிருந்தது. அது எல்லோரையும் இன்னும் நம்பவைத்தது. ஷெட் ஓனர் அங்கேயே தீர்ப்புச் சொன்னார்: நாளைக் காலை பத்து மணிக்குப் பூட்டுப் போடுவேன், பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடு.

வீட்டில் அம்மா அடுப்பைப் பார்த்தபடியே அழுதார். ஊர் என்று ஓனர் சொன்ன தங்கவயலில் மாமாவுக்கு இனி வேலையும் இல்லை, வீடும் இல்லை. மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சீப்பு சட்டைப்பையிலேயே இருந்தது. அத்தை கல்லூரியிலிருந்து வந்து, நடந்ததைக் கேட்டுவிட்டு, மாமாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, சனிக்கிழமை ஊத்துனியா?”

“இல்லக்கா. பாயசத்தாண்டதான் நின்னேன். நீங்களே பாத்தீங்களே.”

“சரி. நாளைக்குக் காலைல எல்லாரையும் ஏரிக்கு வரச் சொல்லு. எந்தத் தண்ணி கொன்னுச்சுன்னு அந்தத் தண்ணியே சொல்லட்டும்.”

வந்த வழியே திரும்பிக் கல்லூரிக்குப் போய், பேராசிரியரிடம் அனுமதி கேட்டு, ஒயர்கூடையில் பழைய புடவை சுற்றிய கண்ணாடி பாட்டில்களோடு திரும்பினார். தண்ணீரில் இரண்டு மருந்து விடுவார், நிறம் மாறும், அதிலிருந்து உண்மை தெரியும் என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நிறம் மாறும் என்றால் என்ன நிறம்? இதற்கு எனக்குப் பரீட்சை தேவையில்லை. நீலம்.

செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடியாமலும் ஏரிக்கரையில் தெருவே நின்றது. குத்தகைக்காரர் வந்திருந்தார். ஓனர் பூட்டோடு வந்திருந்தார். அத்தை விகாரைக் குரலில் விளக்கினார். தண்ணீருக்குள்ளும் காற்று கரைந்திருக்கிறது, மீன் அதைத்தான் மூச்சு விடுகிறது. இந்த மருந்து விட்டால், காற்று இருக்கிற தண்ணீர் பழுப்பாகும். காற்று இல்லாத தண்ணீர் வெள்ளையாகவே நிற்கும். முதலில் எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் நிரப்பி மருந்து விட்டார். டிகாக்‌ஷன் இறங்குகிற மாதிரி பழுப்பாக இறங்கியது. கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது.

இரண்டாவது பாட்டிலோடு அத்தை ஏரித் தண்ணீருக்குக் குனிந்தார். பழுப்பு, வெள்ளை என்பதெல்லாம் என் காதில் ஏறவேயில்லை. பாட்டில் நீலமாவதற்குள் நானே சொல்லிவிட்டால் தூக்குத்தண்டனை ஆயுள் தண்டனையாகும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். பக்கத்தில் மாமா பெட்டி தூக்கப் போகிறவர் மாதிரி நின்றிருந்தார். அதைப் பார்த்துத்தான் சொன்னேன் என்று பிற்காலத்தில் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறேன். பாதி உண்மை.

“அத்தே, நான்தான். மாமா இல்ல. வெள்ளிக்கிழமை மோரியில நான்தான் நீலம் ஊத்தினேன்.”

குத்தகைக்காரர் எவ்வளவு என்று கேட்டார். அரை பாட்டில் என்றேன். அவர் ஏரியின் அந்தக் கரையைப் பார்த்தார், இந்தக் கரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு நாளாக அழுத முகத்தோடு சிரிக்க ஆரம்பித்தார். ஓனர் சிரித்தார். கரையே சிரித்தது. “என் சட்டைக்குப் போட்டது பத்தலைன்னு ஏரிக்கு வேற போட்டியாடா?” என்று அப்பா கேட்டார். அம்மா முதுகில் ஒன்று வைத்தார்; அவரும் சிரித்துக்கொண்டுதான் வைத்தார். நான் மட்டும் அழுதேன். கொலைகாரனாக நின்றதைவிடக் கோமாளியாக நின்றது கேவலமாக இருந்தது.

அத்தை சிரிக்கவில்லை. “சிரிக்காதீங்க. ஊத்துனதை ஊத்துனேன்னு சொன்னவன் இந்தக் கரையில இதுவரைக்கும் இவன் ஒருத்தன்தான்” என்றார். நாற்பது வயது தாண்டிய பிறகும், எங்காவது என்னைப் பாராட்டிப் பேசினால், இதற்குப் பக்கத்தில் அது வருமா என்றுதான் மனம் ஒப்பிட்டுப் பார்க்கிறது.

பிறகு மருந்தை விட்டார். ஏரித் தண்ணீர் நீலமாகவில்லை. பழுப்பாகவும் இல்லை. மோர் மாதிரி வெள்ளையாக நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது அப்படியே நின்றது. அத்தை கூடையிலிருந்து ஒரு நீலத் தாளை எடுத்து ஏரியில் நனைத்துக் காட்டினார். அமிலம் இருந்தால் அது சிவப்பாகும். நீலம் நீலமாகவே இருந்தது. என் வாழ்க்கையில் நீலம் எனக்கு நல்லது செய்த ஒரே சந்தர்ப்பம்.

மீன்கள் விஷத்தில் சாகவில்லை, மூச்சு முட்டிச் செத்தன என்று அத்தை சொன்னார். கோடை முழுக்க மோரியில் தேங்கிக் கிடந்த அழுக்கையெல்லாம் முதல் மழை ஒரே ராத்திரியில் ஏரிக்குள் தள்ளியது. அதைத் தின்று மக்கவைக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தண்ணீரிலிருந்த காற்றையெல்லாம் எடுத்துக்கொண்டன. மீனுக்கு மிச்சமில்லை.

“அப்போ யாரு பண்ணது? யாரோ ஒருத்தன் இருக்கணுமே” என்றார் குத்தகைக்காரர். அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. நியாயம்தான். இன்று நான் வேலை பார்க்கிற கம்பெனியில் சிஸ்டம் என்ற வார்த்தையை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறோம். ஆனால் ஒரு சர்வர் விழுந்தால் முதல் கேள்வி, யார் கை வைத்தது என்பதுதான். அத்தை அந்தப் பக்கமே போகவில்லை. பௌர்ணமிப் பாயசம் மிச்சமானதை மோரியில் கொட்டச் சொன்னது தான்தான் என்று ஆரம்பித்தார். மூன்று நாள் முன்னால் விகாரையில் சொன்ன அதே குரல். அப்புறம் பால்காரர், மாட்டுக் கொட்டகையைக் கழுவிவிடுவது மோரிக்குத்தான் என்றார். கறிக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். அம்மா, சோப்புத் தண்ணீர் என்றார். எங்கெங்கோ இருந்து ஒவ்வொரு குரலாக வந்தது. குத்தகைக்காரரே கடைசியில், மீன் கழுவின தண்ணியும் அங்கேதான் என்று முணுமுணுத்தார். விகாரையில் சீலம் எடுத்தபோதுகூட அவ்வளவு பேர் அவ்வளவு உண்மையாகப் பேசி நான் கேட்டதில்லை. ஓனர் பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

எனக்கு அத்தைமேல் கோபம். சினிமாவில் என்றால் பாட்டில் வெள்ளையாக நின்ற இடத்திலேயே படம் முடிந்திருக்கும். மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். ஜெயித்த கேஸில் எதற்கு எல்லோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார் என்று நினைத்தேன். பத்தாம் வகுப்பு ஃபெயிலான ஒரு பெண், இரண்டு கண்ணாடி பாட்டிலை வைத்து ஒரு தெருவின் சண்டையை நிறுத்தியதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்பது அப்போது தெரியவில்லை. யாரையும் தண்டிக்காமல் எல்லோரையும் உள்ளே சேர்த்துக்கொள்ள முடியும் என்பதும் தெரியவில்லை. இன்று, என் அத்தை என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது. அதை நான் அடக்குவதும் இல்லை.

எல்லாவற்றையும்விட மாமா செய்ததுதான் எனக்கு விளங்கவில்லை. எல்லோரும் தட்டிக்கொடுத்தபோது அவர் தலை நிமிரவில்லை. அன்று காலை பத்து மணிக்கு அந்தப் பட்டறையில் பூட்டுத் தொங்கியது. ஓனர் போடவில்லை. மாமாவே போட்டார். எட்டு நாள் பட்டறையைத் திறக்காமல், பின்பக்கம் ஒரு குழி தோண்டி, செங்கல் வைத்து, அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு கொட்டி ஒரு தொட்டி கட்டினார். குத்தகைக்காரர் இரண்டு நாள் வந்து மண் சுமந்தார். காப்பாற்றிக் கொடுத்த பட்டறையை ஒருவர் ஏன் தானே பூட்டுகிறார் என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா மாமாவுக்கான சோற்றுத் தூக்கை என் கையில் கொடுத்து அனுப்பினார்.

அந்தச் சனிக்கிழமை மாமா அமிலம் ஊற்றவில்லை. அதற்கு முந்தைய சனிக்கிழமைகள் எல்லாவற்றிலும் ஊற்றியிருந்தார்.